பட்டாபட்டிக்குள் எட்டாத வெயில்

ஒளிச்சிகிச்சைப் பெட்டி என்பது, ஆளுயர டியூப் லைட்டுகள் சுற்றிலும் நிற்கும் ஓர் அலமாரி. முதல் நாள் அதைப் பார்த்ததும் அந்தப் பெரியவர் சிரித்துவிட்டார். “நாற்பது வருடம் உப்பளத்தில் வெயில் தின்றவன் நான். அங்கே இல்லாத வெளிச்சமா சிஸ்டர் இதற்குள் இருக்கிறது?”

நியாயமான கேள்வி. பதில் அவருடைய வேட்டிக்குள் இருந்தது.

அவருக்கு வந்திருந்தது மைக்கோசிஸ் ஃபங்காய்ட்ஸ், டி லிம்போசைட் என்னும் ஒரு வகை இரத்த வெள்ளையணுக்கள் தோலில் குடியேறும் அரிய புற்றுநோய். 1806இல் இதை முதலில் விவரித்த பிரெஞ்சு மருத்துவர் அலிபெருக்கு, முற்றிய கட்டிகள் காளானை நினைவூட்டின. பெயரிலும் காளான் ஒட்டிக்கொண்டது. பூஞ்சைக்கும் இதற்கும் உறவே இல்லை. அந்தப் பெயரைக் கேள்விப்படாமலேயே இவரும் ஆறு வருடம் படர்தாமரைக் களிம்பு பூசியிருந்தார்!

ஆரம்பத் திட்டுகள் பெரும்பாலும் வெயில் படாத இடுப்பிலும் பிட்டத்திலும் மேல்தொடையிலும்தான் வரும். உப்பளத்து வெயில் அவர் முதுகைக் கருக்கியதோடு சரி. பெட்டியிலிருந்து வருவது 311 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய புற ஊதாக் கதிர் மட்டும். மேல்தோலை ஒட்டிய நோயணுக்களை மடியச் செய்யும், ஆழமாகப் போகாது. முதல் நாள் சில வினாடிகள், பிறகு ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூடுதல், வாரத்துக்கு மூன்று நாள்.

அவர் பட்டாபட்டியைக் கழற்ற மறுத்தார். மகள் வயதுப் பெண் முன்னால் எப்படி என்ற கூச்சம். எனக்கும் கூச்சம்தான், வற்புறுத்தவில்லை. இரண்டு மாதத்தில் மற்ற திட்டுகள் மங்கின. பட்டாபட்டிக்குள் இருந்தவை அப்படியே இருந்தன. “அடுத்த முறை கோவணத்தோடு வாருங்கள் ஐயா” என்றேன். வந்தார். அன்றைய முழு அளவையும் கொடுத்தேன். இதுவரை கதிரே படாத தோல் அது என்பது என் மண்டையில் உறைக்கவில்லை.

மறுநாள் உட்கார முடியாமல் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து காட்டினார். பிட்டம் முழுக்கச் சிவந்திருந்தது. என் தவறு என்று அவரிடமும் மருத்துவரிடமும் சொன்னேன். “அடுப்படியில் சுட்டுக்கொள்ளாதவர் உண்டா, விடு தாயி” என்றார். அன்றுதான் சிஸ்டர் தாயி ஆனது.

சிவப்பு ஆறியபின் முறையை மாற்றினோம். முதலில் கோவணத்தோடு சில வினாடிகள். பெட்டியை நிறுத்தியதும் பட்டாபட்டியைப் போட்டுக்கொண்டு மீதி நேரம். கறுப்புக் கண்ணாடியோடு உள்ளே நிற்பவர், விளக்கு அணைந்ததும் குரல் கொடுப்பார்:

“தாயி, இடைவேளையா?”