ஐட்லிங்கில் உதறி ஆஃப் ஆகும் பழைய கார்

கிருஷ்ணகிரி டோல்கேட் வரிசையில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் பழைய கார்புரேட்டர் வண்டி உதறி ஆஃப் ஆகிறதா? தயவுசெய்து ஐட்லிங் ஸ்க்ரூவை (ஆக்சிலேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் ஓடும் வேகத்தைக் கூட்டும் திருகு) ஏற்றாதீர்கள். கோளாறு தீராது, மறைந்துதான் இருக்கும்; பெட்ரோல்தான் கரையும்.

முதலில் வேக்குவம் லீக், அதாவது ஹோஸ் வழியாக வேண்டாத காற்று இன்ஜினுக்குள் போகிறதா என்று பாருங்கள். நியூட்ரலில் ஹேண்ட்பிரேக் போட்டு, இன்ஜினை ஓட விட்டு, இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து (இன்ஜினுக்குக் காற்றும் பெட்ரோலும் போகும் குழாய்) போகும் ஹோஸ்களை, பிரேக் பூஸ்டர் ஹோஸ் உட்பட, ஒவ்வொன்றாக அழுத்திப் பிடியுங்கள். எதை அழுத்தும்போது ஐட்லிங் சீராகிறதோ, அந்தப் பக்கம்தான் காற்று இழுக்கிறது.

அடுத்து, சாவியை ஆன் செய்து கார்புரேட்டர் சோலனாய்டு (ஐட்லிங் பெட்ரோலைத் திறந்து மூடும் மின்வால்வு) வயரைக் கழற்றி மாட்டுங்கள். 'டிக்' சத்தம் வராவிட்டால் ஐட்லிங் பாதைக்குப் பெட்ரோலே போகாது. வந்தால் ஐட்லிங் ஜெட்டில் (ஐட்லிங் பெட்ரோல் போகும் சிறு துளை) காற்றடியுங்கள். கம்பி விட்டுக் குத்தினால் துளை பெரிதாகிவிடும், அப்புறம் ஜெட்டையே மாற்ற வேண்டும்.

ஸ்பார்க் பிளக் இடைவெளியையும் பாருங்கள்: மாருதி 800-க்கு 0.7–0.8 மி.மீ.

தொப்பூர் கணவாய் ஏறும்போதும் இழுவை குறைந்தால் ஃபியூயல் ஃபில்டரையும் பம்பையும் பாருங்கள்.