வரைபடத்தை வெல்டரின் கையில் கொடுங்கள்

பட்டறையில் புதிதாகச் சேரும் பிள்ளைகளிடம் செய்ய வேண்டிய பொருளின் வரைபடத்தைக் கொடுக்கும்போது, படம் இருக்கும் பகுதியை நோட்டுப் புத்தகத்தால் மூடிவிட்டுத்தான் கொடுப்பேன். வலது கீழ் மூலையில் உள்ள தலைப்புக் கட்டமும், அதையொட்டிப் பொடி எழுத்தில் இருக்கும் குறிப்புகளும் மட்டும் தெரியும். "இதை வாசித்து முடி தம்பி, பிறகு படத்தைத் திறக்கலாம்" என்பேன். படத்தைப் பார்த்தால் பொருள் விளங்கிவிடும் என்று நம்பி வந்த பிள்ளைக்கு முதல் நாள் இது எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனாலும் இந்தப் பழக்கத்தை நான் விடுவதாக இல்லை.

திருச்சி துவாக்குடிப் பக்கம் ஃபேப்ரிகேஷன் பட்டறைகளில் தரப் பரிசோதனை என் வேலை. 1960களில் பெல் கொதிகலன் ஆலை வந்த பிறகு, அதைச் சுற்றி முளைத்த சிறிய, நடுத்தரப் பட்டறைகள் இந்த வட்டாரத்தில் ஏராளம். பற்றவைப்பில் கைதேர்ந்தவர்களுக்கு இங்கே பஞ்சமே இல்லை. எக்ஸ்ரே படத்தில் ஒரு புள்ளிகூடத் தெரியாதபடி குழாயைப் பற்றவைப்பவர்களை எனக்குத் தெரியும். அப்படிப்பட்டவர்களில் பலருக்கு வரைபடத்தை யாரும் கற்றுத்தரவில்லை என்பதுதான் என் மனக்குறை. வரைபடம் மேற்பார்வையாளரின் மேசையிலேயே தங்கிவிடுகிறது. வெல்டருக்கு வந்து சேர்வது தகட்டின்மேல் சாக்பீஸால் எழுதிய ஒரு எண் மட்டும்.

முதலில் அந்தத் தலைப்புக் கட்டம். அதில் விகிதம் 1:10 என்று இருக்கும். அதைப் பார்த்ததும் சிலர் அளவுகோலை எடுத்துக் காகிதத்தின்மேல் வைத்துவிடுவார்கள். ஏ1 தாளில் வரைந்ததை ஏ3 தாளில் நகலெடுத்தால் நீள அகலம் இரண்டும் பாதியாகிவிடும். கட்டத்தில் எழுதியிருக்கும் 1:10 மட்டும் அப்படியே நிற்கும். காகிதத்தை அளந்து எடுத்த எண்ணை எந்தத் தகட்டிலும் குறிக்கக் கூடாது. எழுதிய அளவுதான் அளவு. எழுதவில்லை என்றால் கேட்டு வாங்க வேண்டும்.

அடுத்து விலக்க அளவு. வரைபடத்தில் 1500 என்று மட்டும் இருக்கிறது, எவ்வளவு கூடலாம், எவ்வளவு குறையலாம்? அதற்கான பதில் அந்த அளவின் பக்கத்தில் இருக்காது, பொதுக் குறிப்பில் ஒரே வரியில் இருக்கும். வெல்டிங் பொருட்களுக்கான சர்வதேசத் தரநிலை ஐ.எஸ்.ஓ. 13920, பி வகுப்பு என்று இருந்தால் 1500-க்கு 4 மி.மீ. கூடவோ குறையவோ செய்யலாம். ஏ வகுப்பு என்றால் 3 மி.மீ. அதே இடத்தில் ஐ.எஸ்.ஓ. 2768, நடுத்தர வகுப்பு என்று இருந்தால் 1.2 மி.மீ.க்கு மேல் கூடாது. அது கடைசல் வேலைக்கான கணக்கு. அந்த ஒரு வரியைப் பார்க்காமல் டேப்பைப் பிடிப்பவர், ஒன்று தேவையில்லாமல் அரைத்துக்கொண்டிருப்பார், அல்லது பொருளைத் திருப்பி வாங்குவார்.

எடையையும் பார்க்கச் சொல்வேன். எஃகுத் தகடு ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு மி.மீ. கனத்துக்கு 7.85 கிலோ. 400-க்கு 400, கனம் 20 என்றால் 25 கிலோவுக்குச் சற்றே கூடுதல். உதிரிப் பட்டியலில் வேறு எடை இருக்கிறதா? அப்படியானால் அளவையோ எண்ணிக்கையையோ எங்கோ தவறாக வாசித்திருக்கிறோம், அல்லது வரைந்தவர் தவறியிருக்கிறார். வெட்டுவதற்கு முன்பே பிழையைப் பிடிக்க இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது.

குறிப்புகளை ஏன் முதலில் வாசிக்க வேண்டும் என்பதற்கு, குழாய்களை போல்ட் போட்டு இணைக்கும் வட்டத் தகடான ஃபிளாஞ்ச் நல்ல உதாரணம். நான்கு அங்குலம், 150 அழுத்த வகுப்பு ஃபிளாஞ்சில் எட்டுத் துளைகள். அவை மையக்கோட்டின்மேல் விழக் கூடாது, மையக்கோடு இரண்டு துளைகளுக்கு நடுவே போக வேண்டும். அதாவது முதல் துளை மையக்கோட்டிலிருந்து 22.5 பாகை தள்ளி நிற்கும். படத்தில் ஃபிளாஞ்ச் பக்கவாட்டில் ஒரு கோடாகத்தான் தெரியும், துளைகள் தெரியவே தெரியாது. குறிப்பில் உள்ள ஒரு வரி மட்டுமே அதைச் சொல்லும். அதை வாசிக்காமல் ஃபிட்டர் டேக் (தற்காலிகமாகப் பிடித்து நிற்கும் பொட்டு வெல்டு) வைத்துவிட்டால், தளத்தில் எதிர்க் குழாயோடு போல்ட் ஏறாது.

இப்போது படத்தைத் திறக்கலாம். ஆனால் அதற்கு முன்னால் தலைப்புக் கட்டத்தில் ஒரு சின்னக் குறி இருக்கிறது: நுனி வெட்டிய கூம்பு ஒன்று, பக்கத்தில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வட்டங்கள். கூம்பின் பெரிய முனை வட்டங்களைப் பார்த்து இருந்தால் அது முதல் கோண முறை. சின்ன முனை வட்டங்களைப் பார்த்து இருந்தால் மூன்றாம் கோண முறை. நம் இந்தியத் தரநிலையும் ஐரோப்பிய நாடுகளும் முதல் கோணத்தைப் பின்பற்றுகின்றன. அமெரிக்க வரைபடங்கள் மூன்றாம் கோணத்தில் வரும். இரண்டு வகையும் ஒரே வாரத்தில், ஒரே பட்டறைக்கு வருவது இங்கே சாதாரணம்.

முதல் கோணத்தில், பொருளை இடப்பக்கமிருந்து பார்த்த தோற்றத்தை முன் தோற்றத்துக்கு வலப்பக்கம் வரைவார்கள். மேல் தோற்றம் கீழே வரும். மூன்றாம் கோணத்தில் இடப்பக்கத் தோற்றம் இடப்பக்கமே இருக்கும். மேல் தோற்றம் மேலே இருக்கும். இதை மனப்பாடமாக எல்லோரும் ஒப்பிப்பார்கள். ஆனால் இதை மாற்றி வாசித்தால் என்ன நடக்கும் என்பதை யாரும் சொல்லித்தருவதில்லை. அளவு எதுவும் தவறாது. டேப் வைத்தால் சரி, மூலைமட்டம் வைத்தால் சரி, துளையின் விட்டம் சரி. பொருள் மட்டும் கண்ணாடியில் தெரியும் பிம்பம்போல இடம் வலமாக மாறியிருக்கும். ஒரு பட்டறையில் குழாய் தாங்கிகளை மொத்தமாக இப்படிச் செய்து அடுக்கியிருந்ததைப் பார்த்திருக்கிறேன். இரு பக்கமும் ஒன்றுபோல இருக்கும் பொருளாக இருந்திருந்தால் தப்பித்திருக்கலாம். அதில் மூலையை வலுவூட்டும் கஸ்ஸட் தகடு ஒரு ஓரமாக இருந்தது. எப்படிப் புரட்டிப் போட்டாலும் பொருந்தவில்லை.

கோடுகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தடித்த முழுக்கோடு கண்ணுக்குத் தெரியும் விளிம்பு, விட்டுவிட்டு வரும் கோடு மறைந்திருக்கும் விளிம்பு, நீளமும் குட்டையுமாக மாறி வருவது மையக்கோடு. ஒரு வாரம் வரைபடத்தோடு பழகினால் கண்ணுக்கு வந்துவிடும்.

வெல்டிங் குறியீடுதான் நிதானமாகப் பார்க்க வேண்டிய இடம். ஒரு அம்பு, அதோடு சேர்ந்த கிடைக்கோடு, கோட்டின் முடிவில் சில சமயம் வால். அமெரிக்க முறையான ஏ.டபிள்யூ.எஸ். ஏ2.4-இல் கிடைக்கோடு ஒன்றுதான். குறி கோட்டுக்குக் கீழே இருந்தால் அம்பு தொடும் பக்கம், மேலே இருந்தால் எதிர்ப்பக்கம். ஐரோப்பிய வரைபடங்களில் வரும் ஐ.எஸ்.ஓ. 2553-இன் ஏ முறையில் முழுக்கோட்டோடு இன்னொரு விட்டுவிட்ட கோடும் உண்டு. முழுக்கோட்டில் குறி இருந்தால் அம்புப் பக்கம், விட்டுவிட்ட கோட்டில் இருந்தால் எதிர்ப்பக்கம். அந்த விட்டுவிட்ட கோட்டை மேலேயும் வரையலாம், கீழேயும் வரையலாம். ஆகவே "கீழே என்றால் அம்புப் பக்கம்" என்று மட்டும் பழகியவர், ஐரோப்பிய வரைபடத்தில் கீழே உள்ள விட்டுவிட்ட கோட்டில் முக்கோணக் குறியைப் பார்த்தால் நேர் எதிர்ப்பக்கம் பற்றவைத்துவிடுவார்.

முக்கோணம் ஃபில்லட் வெல்டின் குறி, அதாவது இரண்டு தகடுகள் சேரும் மூலையை நிரப்பும் வெல்டு. அதன் பக்கத்தில் எண் இருக்கும். ஃபில்லட் வெல்டை இரண்டு விதமாக அளக்கலாம். தகட்டின்மேல் அது ஏறி நிற்கும் கால் நீளம் ஒன்று. மூலையிலிருந்து வெல்டின் முகம் வரை குறுக்கே எடுக்கும் கழுத்துக் கனம் மற்றொன்று. அமெரிக்க வரைபடத்தில் எழுத்தில்லாமல் வரும் எண் கால் நீளம். ஐ.எஸ்.ஓ. வரைபடத்தில் எண்ணுக்கு முன்னால் இசட் இருந்தால் கால், ஏ இருந்தால் கழுத்து. இரண்டு காலும் சமமாக இருந்தால் கழுத்து, காலில் 0.7 பங்கு. ஏ5 என்றால் கால் 7 வர வேண்டும்.

ஏ6 என்று இருப்பதை வெறும் 6 என்று சாக்பீஸில் எழுதினால் என்ன ஆகும்? வெல்டர் 6 கால் வைப்பார், கழுத்து 4.2-தான் வரும். கேட்ட தாங்குதிறனில் முப்பது சதவீதம் காணாமல் போய்விடும். மறுபக்கம், இசட்6-ஐ ஏ6 என்று எண்ணி 8.5 கால் வைத்தால் குறுக்குப் பரப்பு 18 சதுர மி.மீ.க்குப் பதில் 36. கம்பி இரட்டிப்பு, நேரம் இரட்டிப்பு. அதைவிட, இறங்கும் வெப்பம் கூடித் தகடு வளைந்துவிடும். பிறகு அதை நிமிர்த்த இரண்டு பேர் நிற்க வேண்டும். பெரிய வெல்டு பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் நிமிர்த்தும் வேலையை ஒருநாள் நின்று பார்க்க வேண்டும்.

மூத்தவர்கள் இன்னும் நூல் கணக்கில்தான் பேசுவார்கள். எட்டு நூல் ஒரு அங்குலம், ஆகவே 8 மி.மீ. என்றால் இரண்டரை நூல். அதில் தவறில்லை, கணக்கு சரியாகவே வரும். ஆனால் காலா கழுத்தா, அம்புப் பக்கமா எதிர்ப்பக்கமா, முழு நீளமா விட்டுவிட்டா என்ற எதையும் "இரண்டரை நூல் போடு" என்ற வாய்ச்சொல் சொல்லாது.

விட்டுவிட்டுப் போடும் வெல்டிலும் இதே சிக்கல் உண்டு. அமெரிக்க முறையில் 50-150 என்றால் 50 நீள வெல்டு, ஒன்றின் நடுவிலிருந்து அடுத்ததன் நடு வரை 150, இடைவெளி 100. ஐ.எஸ்.ஓ. முறையில் 50-க்குப் பின் அடைப்புக்குறிக்குள் 150 என்றால், இடைவெளியே 150. முதலாவதில் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு வெல்டு, இரண்டாவதில் நான்கில் ஒரு பங்கு. எண்கள் ஒன்றுதான். எந்தத் தரநிலை என்று குறிப்பில் வாசித்தவருக்குத்தான் வித்தியாசம் தெரியும்.

அம்பும் கிடைக்கோடும் சேரும் இடத்தில் வட்டம் இருந்தால் சுற்றிலும் பற்றவைக்க வேண்டும். கொடி இருந்தால் தளத்தில்தான் பற்றவைக்க வேண்டும், பட்டறையில் கை வைக்கக் கூடாது. அம்பு மடங்கியிருந்தால், அது எந்தத் தகட்டைத் தொடுகிறதோ அந்தத் தகட்டைத்தான் சரிவாக வெட்ட வேண்டும். ஐரோப்பிய வரைபடத்தின் வாலில் 111 என்றால் கைக்குச்சி வெல்டிங், 135 என்றால் திடக் கம்பியோடு வாயுக் காப்பில் போடும் மேக் வெல்டிங், 141 என்றால் டங்ஸ்டன் முனையால் போடும் டிக் வெல்டிங்.

இந்த வட்டக் குறியால் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். நான்கு தகடுகள் சேர்த்துச் செய்யும் பெட்டித் தாங்கி, உள்ளே குறுக்காக ஒரு வலுவூட்டும் தகடு, அதற்கு வட்டக் குறியோடு ஃபில்லட். நான் வரைபடத்தின் நகலை வெல்டிங் மேசையிலேயே ஒட்டி வைத்திருந்தேன். மூத்த வெல்டர் ஒருவர் வேலையை ஆரம்பிக்காமல் அதன் முன் நின்றுகொண்டிருந்தார்.

"என்னண்ணே, ஏதாவது சந்தேகமா?"

"மேடம், சுற்றிலும் என்று போட்டிருக்கிறார்கள். மூன்று பக்கம் போட்டுவிடுவேன். நான்காவது தகட்டை மூடிய பிறகு கையை எங்கே விடுவது?"

வடிவமைத்தவர், அதைச் சரிபார்த்தவர், ஒப்புதல் கொடுத்தவர், நான் என்று அத்தனை பேர் கண்ணிலும் படாதது அவர் கண்ணில் பட்டது. டார்ச்சைப் பிடிக்கும் கைக்குத்தான் அந்த இடம் எட்டாது என்று தெரியும். கேள்வியை அனுப்பினோம். மூன்று பக்கம் ஃபில்லட், நான்காவது தகட்டில் நீள்துளை வெட்டி வெளியிலிருந்து நிரப்பும் வெல்டு என்று திருத்தம் வந்தது. சாக்பீஸ் எண் மட்டும் அவரிடம் போயிருந்தால், மூன்று பக்கம் போட்டு மூடியிருப்பார்; அதை யாரும் கேள்வி கேட்டிருக்கவும் முடியாது, பெட்டிக்குள் யார் பார்ப்பார்கள்? நகலெடுக்கும் செலவு வீண் என்று சொல்லும் மேற்பார்வையாளர்களிடம் இந்தப் பெட்டியைத்தான் நான் சொல்வேன். நகல் கிழிந்தால் இன்னொன்று எடுங்கள். எண்ணெய் படிந்தால் படியட்டும்.

நகல் ஒட்டுபவர் ஒரு பொறுப்பையும் ஏற்க வேண்டும். திருத்தம் வந்தவுடன் பழைய நகலை மேசையிலிருந்து உரித்து எடுத்துவிட வேண்டும். திருத்த எண் தலைப்புக் கட்டத்தில் இருக்கும். எந்த இடம் மாறியது என்பதை மேகம்போல் வளைத்துக் காட்டியிருப்பார்கள். காலையில் வேலை தொடங்கும்போது அந்த எண்ணைப் பதிவேட்டோடு ஒப்பிட அரை நிமிடம் போதும்.

வரைபடம் பழக நினைக்கும் பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சி. கழிவுக் குவியலிலிருந்து 50-க்கு 50, கனம் 6 ஆங்கிளில் (எல் வடிவ இரும்பு) ஒரு சாண் துண்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு காலில் மட்டும், நடுவில் இல்லாமல் ஓரமாக ஒரு துளை. மற்றொரு காலில் ஒரு முனையை மட்டும் சரிவாக வெட்டுங்கள். அதைப் பார்த்து முன், மேல், பக்கத் தோற்றங்களை முதல் கோண முறையில் கையால் வரையுங்கள். பிறகு துண்டை ஒளித்துவைத்துவிட்டு, வரைபடத்தை மட்டும் நண்பரிடம் கொடுத்து அட்டையில் செய்யச் சொல்லுங்கள். அவர் செய்தது துண்டின்மேல் அப்படியே உட்காராமல் இடம் வலமாக வந்திருந்தால், அவரிடம் எதுவும் சொல்வதற்கு முன் உங்கள் பக்கத் தோற்றம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். அது சரியாக வந்த பிறகு, அதே துண்டை மூன்றாம் கோணத்தில் வரைந்து வேறொருவரிடம் கொடுங்கள்.