கேதாரத்திலிருந்து பத்ரிக்கு, சோப்தா மலைச்சாலை வழியே

ஹரித்வாரில் வண்டி பேசும்போதே ஓட்டுநரிடம் தீர்மானமாகச் சொல்லிவிட வேண்டிய ஒன்று உண்டு. கேதார்நாத் தரிசனம் முடிந்து பத்ரிநாத் போகையில் ருத்ரப்பிரயாகைக்குத் திரும்பி இறங்கக் கூடாது. குண்ட் என்ற இடத்தில் பிரிந்து ஊக்கிமட், சோப்தா, மண்டல், கோபேஷ்வர் வழியாகச் சமோலியில் பெரிய சாலையைப் பிடிக்க வேண்டும். குப்தகாசியிலிருந்து கணக்குப் பார்த்தால் இந்த வழி சுமார் 93 கிலோமீட்டர், ருத்ரப்பிரயாகை சுற்று சுமார் 107. தூரம் கொஞ்சம் குறைந்தாலும் நேரம் மிச்சமாகாது. பஞ்ச கேதாரங்கள் எனப்படும் ஐந்து சிவத்தலங்களில் மூன்றாவதான துங்கநாத் இந்தச் சாலையில் இருக்கிறது, மந்தாகினி பாயும் பள்ளத்தாக்கிலிருந்து அலக்நந்தா பள்ளத்தாக்குக்கு நடுவிலுள்ள மலைமுகட்டை இதில்தான் கடக்கிறோம். இதற்கு இரண்டு இரவு ஒதுக்க முடியாதவர்கள் பெரிய சாலையிலேயே போய்விடலாம். ஒரே மூச்சில் ஓட்டிக் கடந்தால் வளைவுகளும் வாந்தியும்தான் நினைவில் நிற்கும்.

எப்போது போவது என்பதைக் கோயில் நடைதான் முடிவு செய்கிறது. கேதார்நாத் நடை திறக்கும் நாளை மகா சிவராத்திரி அன்று ஊக்கிமட் ஓங்காரேஷ்வர் கோயிலில் அறிவிப்பார்கள். பத்ரிநாத்துக்கு வசந்த பஞ்சமி அன்று நரேந்திரநகர் அரண்மனையில் நாள் குறிப்பார்கள். இரண்டும் ஏப்ரல் கடைசி அல்லது மே தொடக்கத்தில் திறக்கும். வடநாட்டுத் தீபாவளிக்கு இரண்டாம் நாள் வரும் பாய் தூஜ் அன்று கேதாரம் மூடும். பத்ரி நவம்பர் நடுவிலோ அதற்குச் சற்றுப் பின்னோ மூடும். மே, ஜூனில் பள்ளி விடுமுறைக் கூட்டம் சாலையையே அடைத்துவிடும். ஜூலையும் ஆகஸ்டும் மண்சரிவு மாதங்கள், அந்தப் பக்கமே போக வேண்டாம். செப்டம்பர் கடைசி வாரத்திலிருந்து அக்டோபர் கடைசி வரைதான் நல்ல காலம்: வானம் கழுவிவிட்டதுபோல் இருக்கும், அறை கிடைக்கும், கேதாரத்தில் வரிசையும் நகரும்.

யாத்திரைப் பதிவு கட்டாயம். உத்தராகண்ட் அரசின் இணையதளத்தில் இலவசமாகச் செய்யலாம். ஒவ்வொரு தாமத்துக்கும் (யாத்திரைத் தலத்துக்கும்) தேதியைத் தனித்தனியாகக் குறிக்க வேண்டும். ஆதாரில் இருக்கும் பெயரையே எழுத்து மாறாமல் பதிவு செய்யுங்கள். நம் இனிஷியல் எப்படி விரியும் என்பது சோதனைச் சாவடியில் யாருக்கும் புரியாது. பதிவுச் சீட்டை அச்செடுத்து வைத்துக்கொள்வது நல்லது, சிக்னல் இல்லாத இடத்தில் செல்பேசியை நம்ப முடியாது. வாடகை வண்டிக்கு, மலைச்சாலைக்குத் தகுதி என்று போக்குவரத்துத் துறை தரும் கிரீன் கார்டும் அந்தந்தப் பயணத்துக்கான டிரிப் கார்டும் இருக்கிறதா என்று கிளம்பும் முன்பே கேட்டுவிடுங்கள்.

ரிஷிகேஷிலிருந்து 70 கிலோமீட்டரில் தேவப்பிரயாகை. பாகீரதியும் அலக்நந்தாவும் கூடி, இங்கிருந்துதான் கங்கை என்ற பெயர் தொடங்குகிறது. பெரியாழ்வார் பாடிய கண்டமென்னும் கடிநகர் இதுதான். ரகுநாத்ஜி கோயில் என்று கேட்டால்தான் உள்ளூரில் வழி சொல்வார்கள். வண்டி நிற்கும் சாலையிலிருந்து கீழே இறங்கி, தொங்குபாலம் கடந்து, மறுபடி படியேற வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளலாம். சங்கமப் படித்துறையில் சங்கிலியைப் பிடித்துக்கொண்டுதான் முழுக வேண்டும். நீர் அமைதியாகத் தெரிந்தாலும் இரண்டாம் படியிலேயே காலை இழுக்கும். சொம்பில் மொண்டு தலையில் ஊற்றிக்கொள்வதும் ஸ்நானம்தான்.

அதற்குப்பின் ஸ்ரீநகர் (காஷ்மீரில் உள்ளது அல்ல), ருத்ரப்பிரயாகை. இரண்டுக்கும் இடையில் சிரோபகட் என்ற இடம் மலை சரிந்து சரிந்தே பெயர் வாங்கியது. மழை விட்டு வெயில் அடிக்கும்போதும் அங்கே கல் உருளும். ஈரத்தில் ஒட்டியிருந்த மண் காயும்போது பிடி விடுவதுதான் காரணம். சாலை அடைத்துவிட்டால் வண்டியைச் சரிவுக்கு நேர்கீழே நிறுத்தாமல் நூறு மீட்டர் பின்னால் நிறுத்தச் சொல்லுங்கள். வேடிக்கை பார்க்க முன்னால் போய் நிற்கிறவர்கள்தான் அடிபடுகிறார்கள்.

குப்தகாசியில் ஓர் இரவு தங்க வேண்டும். பாண்டவர்களுக்குக் காட்சி தராமல் ஈசன் மறைந்திருந்த இடம் என்பதால் இந்தப் பெயர். விஸ்வநாதர் கோயில் முற்றத்தில் மணிகர்ணிகா குண்டம் இருக்கிறது. யானைமுகம் ஒன்று, பசுமுகம் ஒன்று, இரண்டின் வாயிலிருந்தும் கங்கை, யமுனை என்று சொல்லி இரண்டு தாரைகள் விழுகின்றன. பக்கத்திலேயே அர்த்தநாரீஸ்வரர் சந்நிதி. கேதாரம் கிளம்பும் கூட்டம் இதைப் பார்க்காமலே போய்விடுகிறது. உடம்பு மலைக்குப் பழகவும் இந்த ஓர் இரவு உதவும்.

கேதாரம் பற்றிச் சுருக்கமாக. சோன்பிரயாகையோடு நம் வண்டி நின்றுவிடும், அங்கிருந்து கௌரிகுண்டம் 5 கிலோமீட்டர் ஷேர் ஜீப். பிறகு 16 கிலோமீட்டருக்குக் குறையாத ஏற்றம். 2013 வெள்ளத்தில் பழைய பாதை அழிந்தபின் ராம்பாடாவுக்கு மேல் எதிர்க்கரையில் போட்ட புதிய பாதை இன்னும் செங்குத்து. கோயில் 3,583 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஹெலிகாப்டரில் போகிறவர்களுக்குத் தலைவலியும் குமட்டலும் அதிகம் வருவது உடம்புக்குப் பழகும் நேரம் கிடைக்காததால்தான். இறங்கியவுடன் ஓடியாடாமல் ஒரு மணி நேரம் உட்கார வேண்டும். பிற்பகல் 3 மணி வாக்கில் நடை சாத்தி 5 மணி வாக்கில் திறப்பது வழக்கம். மாலையில் அலங்கார தரிசனம் மட்டும்தான். சுயம்புவுக்கு அருகில் போய் நெய் சாத்த வேண்டும் என்றால் மேலே தங்கி விடியற்காலையில் போக வேண்டும், அதுவும் கூட்டத்தைப் பொறுத்தது. சம்பந்தரும் சுந்தரரும் காளத்தியில் இருந்தபடியே இத்தலத்தைப் பாடினார்கள் என்கிறது பெரியபுராணம். அந்தப் பதிகங்களைக் கையில் எடுத்துப் போங்கள், வரிசையில் நிற்கும் நேரத்துக்குச் சரியாக இருக்கும்.

மேலே தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதால் சோறு நறுக்கென்றும் பருப்பு அரைவேக்காடாகவும்தான் கிடைக்கும். ஹோட்டல்காரரைக் கோபிப்பதில் பயனில்லை. பருப்புப் பொடியும் புளிக்காய்ச்சலும் கொண்டு போனால் காப்பாற்றும்.

இனி நம் சாலை. குப்தகாசியும் ஊக்கிமட்டும் மந்தாகினிக்கு இருபுறமும் எதிரெதிரே உட்கார்ந்திருக்கின்றன. கூப்பிட்டால் கேட்கும்போலத் தோன்றும். ஆனால் ஒன்றிலிருந்து இறங்கி, குண்டில் ஆற்றைக் கடந்து, மற்றொன்றுக்கு ஏற 13 கிலோமீட்டர் ஆகும். ஊக்கிமட் ஓங்காரேஷ்வர் கோயில்தான் பனிக்காலத்தில் கேதாரநாதருக்கு வீடு. நடை மூடியபின் உற்சவ மூர்த்தியைப் பல்லக்கில் வைத்து நடந்தே இங்கே கொண்டுவருவார்கள், பஞ்ச கேதாரங்களில் இன்னொருவரான மத்தியமஹேஷ்வரரும் இங்கேதான் வருவார். பாணாசுரன் மகள் உஷைக்கும் அநிருத்தனுக்கும் கல்யாணம் நடந்த இடம் என்றும் சொல்கிறார்கள், ஊர்ப்பெயருக்கும் அதையே காரணமாகக் காட்டுவார்கள். முற்றத்தைச் சுற்றிலும் வண்ணம் தீட்டிய மரவேலைப்பாடு. கேதாரம் ஏற முடியாத வயதானவர்களை இங்கே அழைத்து வந்தால் போதும், ஐந்து கேதாரங்களுக்கும் சேர்த்து இங்கே பூஜை செய்துகொள்ளலாம்.

ஊக்கிமட்டை விட்டுக் கிளம்பும் முன் எரிபொருள் பாருங்கள். இங்கிருந்து கோபேஷ்வர் வரை 70 கிலோமீட்டருக்குப் பங்க் கிடையாது, ஏற்றத்தில் வண்டி வழக்கத்தைவிடக் கூடுதலாகக் குடிக்கும். பணமும் சில்லறையாக எடுத்துக்கொள்ளுங்கள். சோப்தாவில் சிக்னல் வந்து வந்து போகும், யுபிஐ பாதியில் நின்றுவிடும். வாந்தி வரும் என்று தெரிந்தவர்கள் அவோமின் மாத்திரையை வளைவுகள் தொடங்கியபின் போட்டுப் பயனில்லை, கிளம்புவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே போட வேண்டும். அவர்களை முன் சீட்டில் உட்கார வைத்து, தொலைவில் தெரியும் சாலையையே பார்க்கச் சொன்னால் பாதி வாந்தி நிற்கும்.

சோப்தா வரை சுமார் 30 கிலோமீட்டர். முதலில் படிப்படியான வயல், பிறகு தேவதாரு, துகல்பிட்டாவுக்கு மேல் புராஞ்ச் மரங்கள். ஏப்ரலில் இவை இலை தெரியாமல் சிவப்பாகப் பூக்கும். மற்ற காலத்தில் போகிறவர்களுக்குக் கடையில் அந்தப் பூவின் சர்பத் கிடைக்கும். இது கேதார்நாத் வனவிலங்குச் சரணாலயப் பகுதி, அதனால் சோப்தாவில் பெரிய கட்டடமோ முழு நேர மின்சாரமோ எதிர்பார்க்கக் கூடாது. சூரிய ஒளி விளக்கு, வாளியில் வெந்நீர், கனத்த ரஜாய் (பஞ்சடைத்த போர்வை), அவ்வளவுதான். புல்வெளிகளில் கூடாரம் அடித்து இரவு தங்க 2018-இல் உயர் நீதிமன்றம் தடை விதித்தது. ஆகவே சாலையோரத்துத் தங்குமிடத்தில் அறை எடுப்பதே சரி. அங்கே ஓட்டுநருக்கும் ஒரு படுக்கைக்குப் பணம் கொடுத்துவிடுங்கள். கீழே ஊர்களில் ஓட்டுநருக்கு ஓசியில் இடம் தருவார்கள், இங்கே இல்லை. இரவெல்லாம் வண்டிக்குள் குளிரில் விறைத்துப் போனவர்தான் மறுநாள் காலை நம்மை அத்தனை வளைவிலும் இறக்கப் போகிறவர்.

துங்கநாத் ஏற்றம் சோப்தாவின் 2,680 மீட்டரிலிருந்து 3,680 மீட்டருக்கு. ஆயிரம் மீட்டர் உயரத்தை நான்கு கிலோமீட்டருக்குள் ஏற வேண்டும். கல் பாவிய பாதை, இரண்டரையிலிருந்து மூன்று மணி நேரம், குதிரையும் உண்டு. காலை 5 மணிக்குக் கிளம்புவது நல்லது. பத்து, பதினொரு மணிக்கு மேகம் கீழிருந்து ஏறி வந்து எல்லாவற்றையும் மூடிவிடும், சௌகாம்பா சிகரம் அதற்குமுன் காட்சி கொடுத்தால்தான் உண்டு. ஐந்து அடி நடந்து ஒருமுறை மூச்சு வாங்குவதில் வெட்கமில்லை. மூச்சுவிடாமல் பேசிக்கொண்டே ஏறுகிறவர்கள்தான் பாதியில் உட்காருவார்கள். மே மாதத்தில் கடைசி வளைவுகளில் உறைந்த பனி கிடக்கலாம், வழுக்காத அடித்தோல் உள்ள ஷூ வேண்டும்.

எருமையும் காளையும் மேயும் கூட்டத்துக்குள் காளையாக ஒளிந்த ஈசனைப் பீமன் பிடிக்க, அவர் பூமிக்குள் புகுந்து ஐந்து இடங்களில் வெளிப்பட்டார் என்பது பஞ்ச கேதாரப் புராணம். திமில் கேதாரத்தில், நாபி மத்தியமஹேஷ்வரில், முகம் ருத்ரநாத்தில், சடை கல்பேஷ்வரில், புஜங்கள் இங்கே. கருவறையில் இருப்பது ஒரு பக்கம் சாய்ந்த கரிய கல். பூசை செய்பவர்கள் மக்குமட் கிராமத்து அந்தணர்கள், பனிக்காலத்தில் சுவாமியும் அவர்கள் ஊருக்கே இறங்கிவிடுவார். கோயில் கட்டடமே ஐந்தாறு டிகிரி சாய்ந்திருப்பதைத் தொல்லியல் துறை 2023-இல் பதிவு செய்தது, சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் வெறும் கண்ணுக்கும் தெரியும். கூட்டம் இல்லாததால் சந்நிதியில் உட்கார்ந்து ஒரு பதிகம் முழுதாகச் சொல்ல முடியும். கேதாரத்தில் அரை நிமிடம் கிடைத்தவர்களுக்கு இதன் அருமை புரியும். மேலே சந்திரசிலா முகடு இன்னும் ஒன்றரை கிலோமீட்டர். மூச்சு இருந்தால் ஏறலாம், கோயில் அங்கே முக்கியமில்லை.

இறங்கும் சாலையில்தான் தவறுகள் நடக்கின்றன. சோப்தாவிலிருந்து சமோலி வரை 50 கிலோமீட்டரில் சுமார் 1,700 மீட்டர் இறங்குகிறோம். சமவெளி ஓட்டுநர்கள் நியூட்ரலிலோ நான்காம் கியரிலோ விட்டுப் பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவார்கள். பிரேக் சூடேறிக் கருகல் வாடை வரும், அடுத்து பெடல் கீழே போகும், வண்டி நிற்காது. ஏறிய கியரிலேயே, இரண்டில் அல்லது மூன்றில், எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும்படி இறங்க வேண்டும். வாடை வந்துவிட்டால் அகலமான இடத்தில் நிறுத்தி அரை மணி ஆறவிடுங்கள். சூட்டோடு தண்ணீர் ஊற்றினால் டிஸ்க் வெடிப்பு விடும். ஏறி வரும் வண்டிக்கு வழி விடுவது மலை மரியாதை, மறைவு வளைவில் ஹாரன் அடிப்பதும் அப்படியே. பிற்பகலில் இந்தக் காட்டுக்குள் மூடுபனி இறங்கும், ஆகவே மதியத்துக்குள் மண்டலைத் தாண்டிவிட வேண்டும்.

மண்டல் கிராமத்திலிருந்து அனுசூயா தேவி கோயிலுக்கு 5 கிலோமீட்டர் காட்டு நடை. குழந்தை வேண்டி வருகிறவர்கள் டிசம்பரில் தத்தாத்ரேய ஜயந்திக்கு இரவெல்லாம் அங்கே விழித்திருப்பார்கள். கோபேஷ்வரில் கோபிநாதர் கோயில் முற்றத்தில் நாலைந்து மீட்டர் உயரத் திரிசூலம் நிற்கிறது, தண்டில் பழைய எழுத்துகள். பலங்கொண்டு அசைத்தால் அசையாது, பக்தியோடு விரலால் தொட்டால் அதிரும் என்பது நம்பிக்கை. இன்றிரவு இந்த ஊரிலேயே தங்கிவிடுவது நல்லது, ஜோஷிமட்டைவிட அறை எளிதாகக் கிடைக்கும்.

மறுநாள் விடியலில் கிளம்பினால் சமோலி, பீப்பல்கோட்டி கடந்து ஜோஷிமட்டுக்கு சுமார் 60 கிலோமீட்டர். திருமங்கையாழ்வார் பாடிய திருப்பிரிதியாக இதைத்தான் கொள்வது வழக்கம். நரசிம்மர் கோயிலில் மூர்த்தியின் ஒரு கை ஆண்டுதோறும் மெலிகிறது, அது ஒடிந்து விழும் நாளில் பத்ரி வழி அடைபடும் என்று சொல்வார்கள். 2023 தொடக்கத்தில் இந்த ஊரின் நூற்றுக்கணக்கான வீடுகள் பூமி இறங்கி விரிசல் விட்டன. நெரிசல் நாட்களில் வண்டிகளைப் பகுதி பகுதியாகத்தான் மேலே விடுவார்கள். அடுத்த 45 கிலோமீட்டரில் பாண்டுகேஷ்வருக்கு அருகே லாம்பகட், அடிக்கடி சரியும் இன்னொரு இடம். வெளிச்சம் இருக்கும்போதே தாண்டுங்கள்.

பத்ரியில் முதலில் தப்த குண்டம். சட்டென்று இறங்கினால் தோல் பொறுக்காது. குவளையில் மொண்டு பாதம், முழங்கால், தோள் என்று பழக்கிக்கொண்டு ஐந்து நிமிடம் மட்டும் இருங்கள், அதற்குமேல் 3,100 மீட்டர் உயரத்தில் தலை சுற்றும். சாளக்கிராமத் திருமேனியாகப் பத்மாசனத்தில் இருக்கும் பெருமாளை அலங்காரமின்றிச் சேவிக்க விடியற்காலை அபிஷேகம்தான் வழி. கோயில் கமிட்டியின் தளத்தில் முன்கூட்டியே சீட்டு வாங்க வேண்டும். மதியம் 1 மணி வாக்கில் நடை சாத்தி 4 மணிக்குத் திறப்பார்கள், அந்த இடைவேளை பக்கத்திலிருக்கும் மாணா கிராமத்துக்குப் போய்வரச் சரியாகப் போதும். பிரம்மகபாலத்தில் பிண்டம் போடுவதாக இருந்தால் ஊரிலிருந்தே தர்ப்பையும் கறுப்பு எள்ளும், மூன்று தலைமுறைப் பெயர், கோத்திரம் எழுதிய தாளும் கொண்டுபோங்கள். பண்டா (அங்கத்திய புரோகிதர்) ஹிந்தியில் வேகமாகக் கேட்கும்போது பாட்டனார் பெயர் நினைவுக்கு வராமல் தவிப்பவர்கள் அங்கே தினமும் உண்டு. தட்சிணை எவ்வளவு என்பதைச் சங்கல்பத்துக்கு முன்பே பேசிவிடுங்கள்.