இந்த முறை ஜெனீவாவிலிருந்து

சைக்கிளில் சுற்றிவர நினைக்கும் லெமன் ஏரியின் (ஜெனீவா ஏரி) வரைபடம் சமையலறை மேசையில் மூன்று கிழமையாக விரித்தபடியே கிடக்கிறது. கரையோரத் தெருவின் மேல் தையல் நூலை வளைத்து வளைத்து வைத்து, ஒவ்வொரு 10 கிலோமீற்றருக்கும் ஒரு முடிச்சுப் போட்டேன். 17 முடிச்சுகளும் மிச்சமாக ஒரு சின்னத் துண்டும் வந்தன. ஏறக்குறைய 172 கிலோமீற்றர். தூரத்தைக் கைபேசியே சொல்லிவிடும்தான். ஆனால் எந்த இடத்தில் கால் கனக்கும் என்பது நூலை விரலால் தடவிக்கொண்டு போகும்போதுதான் எனக்குப் பிடிபடுகிறது.

போன செப்டெம்பரில் லவுசானில் என் வீட்டு வாசலிலிருந்தே வெளிக்கிட்டேன். மொந்த்ரோ, வில்நெவ், பிறகு பிரான்ஸ் எல்லை தாண்டி எவியான், தோனோன் என்று வலஞ்சுழியாகச் சைக்கிள் ஓடினேன். தென்கரையில் வண்டி பறந்தது. இவ்வளவு நாள் பழகியதன் பலன் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். ஜெனீவாவில் பாலத்தைக் கடந்து வடகரையில் திரும்பிய உடனே முகத்தில் அடித்தது பீஸ் காற்று. அவ்வளவு நேரமும் முதுகில் கைவைத்துத் தள்ளியதும் அதே காற்றுத்தான் என்று அப்போதுதான் விளங்கியது.

வெர்சுவாவில் வேகம் மணிக்கு 14 கிலோமீற்றருக்கு இறங்கிவிட்டது. அங்கே சின்னத் துறைமுகத்தில் கட்டியிருந்த பாய்ப்படகுகளின் கம்பங்களில் கயிறுகள் டிங் டிங் என்று ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தன. இன்றைக்கும் அந்தச் சத்தம் காதில் நிற்கிறது. குனிந்து, கைப்பிடியின் கீழ்வளைவைப் பிடித்து, ஒரு மரத்திலிருந்து அடுத்த மரம் வரைக்கும் என்று எண்ணி மிதித்தேன். நியோனில், 135ஆவது கிலோமீற்றரில், கை நடுங்கத் தொடங்கியது. ரயில் நிலையத்துக்குள் வண்டியை உருட்டிக்கொண்டு போனேன்.

பீஸ் வடகிழக்கிலிருந்து வருவது. வடக்கே உயர் அழுத்தம் நிற்கும்போது, ஜூரா மலைக்கும் அல்ப்ஸுக்கும் நடுவில் உள்ள சமவெளியால் காற்று தள்ளப்பட்டு வரும். அந்த வழி ஜெனீவாவை நெருங்க நெருங்க ஒடுங்குவதால், காற்று அங்கேதான் ஆகக் கூடிய வேகம் பிடிக்கும். 2012 பெப்ரவரியில் ஏரித் தண்ணீரை வாரி இறைத்து, வெர்சுவாக் கரையில் நின்ற கார்களை ஐஸால் மூடிவிட்டதும் இந்தக் காற்றுத்தான். கோடையில் அவ்வளவு கொடூரம் இல்லை. ஆனாலும் 110 கிலோமீற்றர் ஓடிக் களைத்த உடம்புக்கு அது போதும்.

அப்பாவுக்குத் தொலைபேசியில் இதைச் சொன்னேன். அவருக்கு இப்போது 79 வயது, நெல்லியடியில் இருக்கிறார். முதல் கேள்வியே, "வெளிக்கிடேக்கை காத்து எந்தப் பக்கம்?" எனக்குப் பதில் தெரியவில்லை.

தொண்ணூறுகளில் பெற்றோல் இல்லாத காலத்தில், நானும் அவரும் யாழ்ப்பாண நகரத்துக்குப் போய்வருவது சைக்கிளில்தான். நடுவில் வல்லை வெளி. ஒதுங்க ஒரு மரம் இல்லாத அந்த வெளியில் சோழகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் ஓடிய யாருக்கும் அதைப்பற்றிச் சொல்லித் தரத் தேவையில்லை. போகும்போது எதிர்க்காற்று, வரும்போது பின்காற்று. "போகேக்கை காத்தோடை மல்லுக்கட்டினா, வரேக்கை அதுவே வீட்டை கொண்டுவந்து விடும்" என்பார் அப்பா. களைக்கும் முன் காற்றைக் கடந்துவிட வேண்டும் என்பதற்காக விடிய முதலே என்னை எழுப்பிவிடுவார். இதையெல்லாம் அறிந்தவள்தான் நான். ஆனால் ஏரியைச் சுற்ற நினைத்தபோது, வீட்டு வாசலைத் தவிர வேறெங்கும் தொடங்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

சரி, இந்த வருடத் திட்டம் இதுதான். சனி இரவே சைக்கிளுக்கும் டிக்கெற் எடுத்துக்கொண்டு ரயிலில் ஜெனீவா போய், சித்தியின் மகள் வீட்டில் படுக்கிறேன். ஞாயிறு காலை ஐந்து மணிக்குத் தொடக்கம். லவுசான் வரையிலான முதல் 62 கிலோமீற்றரை, பீஸ் இருந்தாலும், களைக்காத காலோடு முடித்துவிடலாம். மூன்று மணித்தியாலம் ஒதுக்கியிருக்கிறேன். அதற்குப் பிறகு லாவோ திராட்சைத் தோட்டங்களுக்குக் கீழால் போகும் தெரு. மேலே ஷெப்ர் பக்கம் ஏறினால் காட்சி இன்னும் வடிவுதான், ஆனால் அன்றைக்கு வேண்டாம். ஷியோன் கோட்டை, வில்நெவ், பிறகு போர்த் து ஸேயில் ரோன் ஆற்றுப் பாலம். எவியானிலிருந்து கடைசி 45 கிலோமீற்றருக்குக் காற்று என் பக்கம்.

சுற்றும் திசை மட்டும் மாறவில்லை. வலப்பக்கம் ஓட்டும் நாட்டில் வலஞ்சுழியாகச் சுற்றினால் ஏரி எப்போதும் வலக்கைப் பக்கத்திலேயே இருக்கும். தண்ணீர்க்கரையில் நிற்க நினைத்தால் தெருவைக் குறுக்கே கடக்கத் தேவையில்லை.

எனக்குப் பயமான துண்டு சன் ஜங்கோல்புக்கும் எவியானுக்கும் இடைப்பட்ட 17 கிலோமீற்றர். மெய்யரியில் ஒரு பக்கம் செங்குத்துப் பாறை, மறுபக்கம் தண்ணீர், நடுவில் ஒடுங்கிய தெரு. சைக்கிளுக்குத் தனிப் பாதை இல்லை. ஞாயிற்றுக்கிழமையைத் தெரிந்ததே இதற்காகத்தான். அன்றைக்குச் சுவிஸிலும் பிரான்ஸிலும் பாரவண்டிகளுக்குத் தடை. மோட்டார்சைக்கிள்காரர் கூட்டமாகக் கிளம்ப முதல், பதினொரு மணிக்குள் அந்த இடத்தைத் தாண்டிவிட வேண்டும். அந்தத் துண்டில் ரயிலும் ஓடுவதில்லை. சன் ஜங்கோல்ப் வரை வந்து உடம்பு ஏலாது என்று தோன்றினால், அங்கேயே சுவிஸ் ரயிலில் ஏறிவிட வேண்டும். அரை மனத்தோடு எல்லையைத் தாண்டக் கூடாது.

எவியானை அடைந்துவிட்டால் அந்தரமில்லை. அங்கிருந்து லவுசானுக்குப் படகில் 35 நிமிடம். ஜெனீவாவுக்கு 2019 முதல் நேரடி ரயிலும் இருக்கிறது. இவ்வாரிலிருந்து நியோனுக்கும் படகு உண்டு. தோனோனைத் தாண்டியதும் பெருந்தெருவை விட்டுவிட்டு எக்ஸ்னவே, இவ்வார், எர்மான்ஸ் வழியாகக் கரையோரச் சிறுதெருவில் போகப்போகிறேன். இரண்டு மூன்று கிலோமீற்றர் கூடினாலும் பரவாயில்லை.

தண்ணீருக்குக் கவலையில்லை. சுவிஸ் பக்கம் ஊருக்கு ஊர் குடிக்கக்கூடிய நீரூற்று இருக்கிறது. எவியானில், போத்தலில் அடைத்து உலகமெல்லாம் விற்கிற அதே தண்ணீர் கஷா ஊற்றில் தெருவோரமாகவே சும்மா கொட்டுகிறது. இரண்டு போத்தலையும் அங்கே நிரப்புவேன். சாப்பாட்டுக்கு எள்ளுருண்டை, பேரீச்சம்பழம், பின்பையில் உப்புப் போட்ட சின்ன உருளைக்கிழங்கு. கடைகளில் விற்கும் ஜெல் எனக்கு வயிற்றைப் புரட்டுகிறது. 28 மில்லிமீற்றர் ரயர், இரண்டு ரியூப், அடையாள அட்டை, கொஞ்சம் யூரோ.

நாள் ஜூன் இரண்டாவது ஞாயிறு. தென்மேற்குக் காற்று என்று வானிலை சொன்னால் ஒரு கிழமை தள்ளிவைப்பேன். அந்தக் காற்று மழையையும் கூட்டிக்கொண்டு வரும், என் கணக்கையும் தலைகீழாக்கிவிடும். வியாழன் இரவு காற்று விபரம் பார்த்ததும் அப்பாவுக்குச் சொல்ல வேண்டும். கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

கூட வர விருப்பமுள்ளவர்கள் வரலாம். நாலே முக்காலுக்கு ஜெனீவாவில் பூ மணிக்கூட்டுக்குப் பக்கத்தில் நிற்பேன். எள்ளுருண்டை எல்லாருக்கும் இருக்கும். முன்விளக்கு மட்டும் மறக்காமல் கொண்டுவாருங்கள். அந்த நேரத்தில் நன்றாக விடிந்திருக்காது.