பட்டா இருக்கு, அப்ரூவல் இருக்கு, கோடு எங்க இருக்கு?

ஈ.சி.ஆர் பக்கம் பிளான் அப்ரூவல் வாங்கித் தர்ற வேலைதான் எனக்கு பல வருஷமா. மனை வாங்கினவங்க பத்திரம், பட்டா, இ.சி (வில்லங்கச் சான்று), எஃப்.எம்.பி ஸ்கெட்ச் (நில அளவை வரைபடம்) எல்லாத்தையும் அழகா ஃபைல் போட்டு எடுத்துட்டு வருவாங்க, "எல்லாம் கிளியர் சார், வரைஞ்சு குடுங்க போதும்"னு சொல்வாங்க. நான் முதல்ல கேக்கறது, சி.ஆர்.இசட், அதாவது கடலோர ஒழுங்குமுறை மண்டல மேப்ல உங்க சர்வே நம்பர் எங்க விழுதுன்னு பாத்தீங்களா? பெரும்பாலும் பாத்திருக்க மாட்டாங்க. பட்டா நிலம் யாரோடதுன்னு சொல்லும், அதுல என்ன கட்டலாம்னு சொல்லாது, ஆனா பட்டா இருந்தா போதும்ங்கிற நம்பிக்கை நம்ம ஆளுங்களுக்கு அவ்ளோ ஆழமா இருக்கு.

1981ல இந்திரா காந்தி கடலோர மாநில முதல்வர்களுக்கு எழுதின கடிதத்துலயே கடற்கரையில 500 மீட்டருக்கு கட்டடம் வராம பாத்துக்கங்கன்னு சொல்லிட்டாங்க. அது சி.ஆர்.இசட் அறிவிக்கையா வந்தது 1991 பிப்ரவரியில, சுற்றுச்சூழல் பாதுகாப்பு சட்டத்துக்குக் கீழ. அப்புறம் 2011ல புது அறிவிக்கை, அதுக்கு அப்புறம் 2019ல இன்னொண்ணு. கிராமப்புற கடற்கரையில முதல் 200 மீட்டர்ல புதுசா எதுவும் கட்டக்கூடாது, அதுலேர்ந்து 500 வரைக்கும் வீடுன்னா 9 மீட்டர் உயரம், தரைத்தளமும் மேல ஒரு மாடியும், இதுதான் ரொம்ப காலமா அடிப்படைக் கணக்கு. நகரத்துக்குள்ள கணக்கே வேற, அங்க ஏற்கனவே இருக்கிற ரோட்டுக்கு நிலம் பக்கமா கட்டலாம்.

இந்த மீட்டர் எல்லாம் எங்கேர்ந்து அளக்கறது? ஹை டைட் லைன்லேர்ந்து, அதாவது அமாவாசை, பௌர்ணமி சமயத்துல வர்ற பெரிய ஓதத்தப்போ தண்ணி கரையில எதுவரைக்கும் ஏறுதோ அங்கேர்ந்து. அலை இப்ப எங்க அடிக்குதோ அங்கேர்ந்து டேப் பிடிக்கிறவங்கள நிறைய பாத்திருக்கேன், அந்த அளவுக்கு ஒரு மதிப்பும் கிடையாது. இந்தக் கோட்டைக் குறிக்க மத்திய அரசு அங்கீகரிச்ச நிறுவனங்கள் தனியா இருக்கு. மேப் ஸ்கேலையும் யோசிச்சுப் பாருங்க, 25,000க்கு 1 அளவுல ஒரு மில்லிமீட்டர்னா தரையில 25 மீட்டர், பேனா கோடு அரை மில்லிமீட்டர் தடிமன் இருந்தாலே ஒரு 40 அடி மனை முழுசா அந்தக் கோட்டுக்கு அடியில போயிடும். அதனாலதான் கிராம சர்வே மேப் மேல கோட்டை ஏத்தி வாங்குங்கன்னு கெஞ்சாத குறையா சொல்றேன். செலவாகும், நாளாகும், ஆனா அது இல்லாம அஸ்திவாரம் தோண்டவே கூடாது.

கோடு ஒரே இடத்துல நிக்கவும் நிக்காது. சென்னை துறைமுகம் வந்தப்புறம் தெற்க மெரினாவுல மணல் சேர்ந்து கரை அகலமாச்சு, வடக்க ராயபுரம் பக்கம் கடல் அரிச்சு அரிச்சு கல்லு கொட்டி நிறுத்த வேண்டியதாச்சு. ஒரு பக்கம் எதையாவது கட்டினா இன்னொரு பக்கத்து கரைக்காரன் வீடு போகுது.

அரசு அனுமதி குடுத்துட்டா அப்புறம் என்னன்னு கேக்கறவங்களுக்கு நான் மரடு கதையத்தான் சொல்வேன். கொச்சி பக்கத்துல காயலோரம் (உப்பங்கழி ஓரம்) இருக்கிற மரடுல 2006ல பஞ்சாயத்துதான் அடுக்குமாடிகளுக்கு பெர்மிட் குடுத்துச்சு, கேரள கடலோர மண்டல ஆணையத்துகிட்ட கேக்கவே இல்ல. அப்ப அது பஞ்சாயத்து, அதனால கிராமப்புற மண்டலம், காயல் கரையில அந்தக் கட்டடத்துக்கு இடமே கிடையாது. அப்புறம் ஊர் நகராட்சி ஆச்சு, மண்டலமும் மாறுச்சு, ஆனா பெர்மிட் குடுத்த அன்னிக்கு என்ன மண்டலமோ அதுதான் கணக்குன்னு ஆயிடுச்சு. வழக்கு வருஷக்கணக்கா ஓடி, 2019 மே 8 அன்னிக்கு உச்ச நீதிமன்றம் இடிக்கச் சொல்லிடுச்சு. 2020 ஜனவரி 11, 12 ரெண்டே நாள்ல நாலு கட்டட வளாகமும் வெடி வெச்சு தரைமட்டம். முன்னூத்துச் சொச்சம் வீடு. இடைக்கால இழப்பீடு குடும்பத்துக்கு 25 லட்சம்னு சொன்னாங்க, ஆனா லோன் போட்டு வாங்கி அங்க குடியிருந்தவங்க மனசு என்ன பாடு பட்டிருக்கும். பெர்மிட் குடுத்தது ஒருத்தர், கட்டினது ஒருத்தர், வீட்ட காலி பண்ணினது வேற யாரோ. தீர்ப்பு சரிதான்னு நான் நினைக்கிறேன், ஆனா தடுக்கிற இடம் 2006லயே அந்த அனுமதி டேபிள்தான், அங்க தடுத்திருந்தா இவ்ளோ பேர் அழுதிருக்க மாட்டாங்க.

2019 அறிவிக்கை எனக்கு கவலையாத்தான் இருக்கு. 2011 சென்சஸ்படி சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல இருக்கிற கிராமப்புற பகுதியில அந்த 200 மீட்டரை 50 ஆ குறைச்சுட்டாங்க, புது மேப்புக்கு ஒப்புதல் ஆன இடத்துல மட்டும்தான் இது செல்லும்னு ஒரு நிபந்தனை இருக்கு, ஆனா ரியல் எஸ்டேட் விளம்பரத்துல அந்த நிபந்தனைய யாரும் போடறதில்ல. ஜனம் நெருக்கமா இருக்கிற கரையிலதான் ஆபத்தும் அதிகம், அங்க தூரத்த குறைக்கறது எந்த நியாயம்னு எனக்குப் புரியல. 2004 சுனாமிய பாத்த கரை இது. வெள்ளம், கடல் அரிப்பு எதுவரைக்கும் எட்டலாம்னு காட்டற ஆபத்துக் கோடுன்னு ஒண்ண தனியா அளந்தும் வெச்சிருக்காங்க, ஆனா அதை வெச்சு கட்டடத்த தடுக்க முடியாது, பேரிடர் திட்டமிடலுக்கு மட்டும்தானாம்.

இதுல அதிகமா அடிபடறது மீனவ குப்பங்கள். தலைமுறை தலைமுறையா இருக்கிறவங்க வீட்டுக்கு பட்டா இருக்காது, மகனுக்கு கல்யாணம் ஆகி பக்கத்துல ஒரு ரூம் போட்டா விதிமீறல்னு நோட்டீஸ் வரும். 2011 அறிவிக்கையிலயே மீனவ கிராமம், மீன் காயவைக்கிற இடம், பொது நிலம் எல்லாத்தையும் மேப்ல காட்டணும், அவங்களோட நீண்டகால வீட்டுத் தேவைக்கு திட்டம் போடணும்னு இருக்கு. ஆனா நான் பாத்த வரைவு மேப்கள்ல வலை காயப்போடுற மணல் பல இடத்துல வெறும் காலி இடமா கிடக்கு. அங்க யாரும் எதுவும் பண்ணலன்னு நாளைக்கு ஒரு ரிசார்ட்காரர் சொன்னா மறுத்துச் சொல்ல பேப்பர் இருக்காது.

அதனால சி.ஆர்.இசட் வரைவு மேப் வந்து கருத்துக்கேட்புக் கூட்டம் போடறப்ப கட்டாயம் போங்க, சர்வே நம்பரோட எழுத்துல ஆட்சேபணை குடுங்க, குடுத்ததுக்கு ஒப்புகை வாங்கிக்கங்க. அந்த மேப் தமிழ்ல, சர்வே நம்பர் படிக்கிற அளவுக்கு பெருசா, ஒவ்வொரு கடலோர பஞ்சாயத்து ஆபீஸ் சுவத்துலயும் ஒட்டியிருக்கணும்னு நான் கூட்டத்துக்கு கூட்டம் கேட்டுக்கிட்டே இருக்கேன், அடுத்த கூட்டத்துலயும் கேப்பேன்.