எங்கள் மொட்டை மாடியில் கறிவேப்பிலையும் அதன் கூட்டாளிகளும்

சென்னையில் காய்கறி வாங்கினால் கறிவேப்பிலையும் நாலு தண்டு கொத்தமல்லியும் கொசுறாகப் பையில் விழுந்துவிடும். காசில்லாமல் கிடைக்கும் ஒன்றுக்காகத் தொட்டி, மண், தண்ணீர் என்று ஏன் இத்தனை பாடுபடுகிறாய் என்று உறவினர்கள் என்னிடம் கேட்பதுண்டு. திருவான்மியூரில் எங்கள் அடுக்ககத்தின் மொட்டை மாடியில் இருந்து இரண்டு ஈர்க்குக் கறிவேப்பிலையை ஒடித்துக்கொண்டு வந்து, கடுகு வெடித்து முடிந்த எண்ணெயில் அப்படியே போட்டுக் காட்டுவதுதான் அவர்களுக்கு நான் சொல்லும் பதில். அந்த மணம் கூடத்தைத் தாண்டி வாசல் வரை போகும். குளிர்பதனப் பெட்டியில் நான்கு நாள் கிடந்த இலைக்கு அது வராது.

எதை வளர்ப்பது, எதை வாங்குவது என்பதற்கு இத்தனை ஆண்டுகளில் நான் கண்டுகொண்ட அளவுகோல் ஒன்றே. பறித்த நேரத்திலிருந்து மணத்தை இழக்கத் தொடங்கும் இலைகளை வீட்டில் வளர்க்க வேண்டும். காய்ந்த பிறகும் மணத்தைத் தன்னுள் பூட்டி வைத்திருக்கும் விதைகளையும் பட்டைகளையும் கடையில் முழுதாக வாங்கி, வேண்டும்போது சிறிது சிறிதாகப் பொடித்துக்கொள்ள வேண்டும். மிளகும் சீரகமும் தனியாவும் தம் வாசனை எண்ணெயைக் கெட்டியான தோலுக்குள் காத்து வைத்திருக்கின்றன. கறிவேப்பிலையில் அந்த எண்ணெய் மெல்லிய இலையின் சிறு புள்ளிகளில் இருக்கிறது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் அந்தப் புள்ளிகள் கண்ணுக்கே தெரியும். இலை உலர உலர எண்ணெய் காற்றில் போய்விடுகிறது.

ஆகவே என் மாடியில் முதலிடம் கறிவேப்பிலைக்குத்தான். இது எலுமிச்சைக் குடும்பத்தைச் சேர்ந்த மரம். இதன் தாவரவியல் பெயரில் உள்ள 'கோய்னிகீ' என்ற பகுதி, தாவரங்களுக்கு அறிவியல் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸிடம் பயின்று, 18ஆம் நூற்றாண்டில் தரங்கம்பாடியில் மருத்துவராக இருந்து, நம் கரையோரத் தாவரங்களைச் சேகரித்த யோஹான் கெர்ஹார்ட் கோனிக் என்பவரின் நினைவாக அமைந்தது. நாம் நாள்தோறும் தாளிக்கும் இலையின் பெயருக்குள் நம் கடற்கரை ஊர் ஒன்றின் வரலாறு இருப்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும்.

விதையிலிருந்து வளர்க்க விரும்புவோர் காய்ந்த விதையை வாங்கி ஏமாற வேண்டாம். கறுத்துப் பழுத்த பழத்தின் சதையை நீக்கி, ஈரம் உலர்வதற்குள் ஊன்றினால்தான் முளைக்கும். அதைவிட எளிய வழி, பெரிய மரத்தின் அடியில் வேரிலிருந்து கிளைத்து வரும் கன்றை வேரோடு பெயர்த்து வைப்பது. என் மரம் அப்படித்தான் வந்தது. முதலாண்டு அது ஒரு முழம்கூட வளரவில்லை. பொறுமையிழந்து உரத்தை அள்ளிப் போடாமல், புளித்த மோரில் தண்ணீரைக் கலந்து மாதம் இருமுறை ஊற்றும்படி அம்மா சொன்னார். அதையே இன்றும் செய்கிறேன். உண்மையில் மரத்தை அடர்த்தியாக்கியது பறிக்கும் முறைதான் என்பது என் எண்ணம். இலைகளை மட்டும் உருவினால் மொட்டைக் குச்சி மிஞ்சும். நுனியோடு சேர்த்துக் கிளையை ஒடித்தால் ஒடித்த இடத்துக்குக் கீழே இரண்டு தளிர்கள் கிளம்பும். பூங்கொத்து தலைகாட்டியதும் கிள்ளிவிட்டால், பழத்துக்குப் போகவிருந்த வலு இலைக்கு வரும். மார்கழியில் மரம் வளராமல் நிற்பதைக் கண்டு கலங்க வேண்டியதில்லை. வெயில் ஏறியதும் தானாகத் துளிர்க்கும்.

துளிர்த்ததும் வண்ணத்துப்பூச்சிகள் முட்டையிட வரும். அவற்றின் புழு சிறியதாக இருக்கையில் பறவை எச்சத்தைப் போலவே இருக்கும். வளர்ந்தபின் இலையின் பச்சை நிறத்துக்கு மாறிவிடும். தொட்டால் தலைப்பக்கத்திலிருந்து கொம்பு போன்ற ஓர் உறுப்பை நீட்டி நெடியை வீசும். எண்ணிக்கை குறைவாக இருந்தால் நான் விட்டுவிடுவேன். அதிகமானால் கையால் எடுத்து, மாடியின் மறுகோடியில் உள்ள எலுமிச்சைச் செடியில் விடுவேன். அங்கும் அவற்றுக்கு உணவு உண்டு. உண்ணும் இலையின் மேல் பூச்சிமருந்தைத் தெளிக்க எனக்கு மனம் வருவதில்லை.

பூச்சியைவிட எனக்குப் பெருந்தொல்லை தந்தது தண்ணீர். கடலுக்கு அருகிலுள்ள எங்கள் பகுதியில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பாக இருக்கும். தரையில் நட்ட செடிக்காவது மழை அந்த உப்பை ஆழத்துக்கு இறக்கிவிடும். தொட்டியிலோ தண்ணீர் ஆவியாகி, உப்பு மட்டும் தங்கித் தங்கி மண்ணின் மேல் வெள்ளையாகப் பூக்கும். இலை நுனிகள் தீய்ந்தது போலக் கருகுவதை நோய் என்று நினைத்து இரண்டு ஆண்டுகள் வேப்பெண்ணெய் தெளித்துக்கொண்டிருந்தேன். அது உப்பின் வேலை என்று புரிந்த பிறகு, அரிசியும் பருப்பும் கழுவிய தண்ணீரைச் செடிகளுக்கென ஒரு வாளியில் சேர்க்கத் தொடங்கினேன். மழைக்காலத்தில் பீப்பாய்களில் மழைநீரைப் பிடித்து வைக்கிறேன். குடிநீர் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. கருவியிலிருந்து வெளியேறும் நீரைச் சிக்கனம் கருதிச் செடிக்கு ஊற்றுவோர் பலர். மூலநீரின் உப்பெல்லாம் திரண்டு நிற்பது அந்த நீரில்தான். அதை வீடு துடைக்க வைத்துக்கொள்ளுங்கள், செடிக்கு வேண்டாம்.

கொத்தமல்லிக்கு உப்பும் ஆகாது, வெயிலும் ஆகாது. சித்திரையில் விதைத்தால் நாலு இலை விடுவதற்குள் தண்டு உயர்ந்து, இலைகள் நூலாக மெலிந்து, பூத்துவிடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழை சற்று ஓய்ந்த இடைவெளியில் தொடங்கி மாசி வரை, பதினைந்து நாளுக்கு ஒரு தொட்டி என்ற கணக்கில் விதைப்பதே சென்னைக்கு ஏற்றது. சமையலறைத் தனியாவே போதும். ஒவ்வொரு மல்லியும் உண்மையில் இரண்டு விதைகள் ஒட்டிய ஓர் உருண்டை என்பதால், உள்ளங்கையால் தரையில் தேய்த்து இரண்டாகப் பிளந்து, ஓரிரவு ஊறவைத்து விதைக்க வேண்டும். ஒரே செடியின் இலைக்கும் விதைக்கும் மணம் முற்றிலும் வேறு. ரசத்தில் தனியா கொதிக்கலாம், இலையோ அடுப்பை அணைத்த பிறகுதான் விழ வேண்டும். கோடையில் நான் கொத்தமல்லியை மறந்துவிட்டு வெந்தயத்தைத் தூவிவிடுவேன். மூன்றாம் நாள் முளைக்கும், மூன்று வாரத்தில் சப்பாத்தி மாவுக்குக் கீரை கிடைக்கும்.

புதினாவைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. கடைக்கட்டில் தடித்த தண்டுகளைத் தண்ணீரில் நிறுத்தி, வேர் விட்டதும் தனித் தொட்டியில், அரைநிழலில் வைத்தால் போதும். வேறு செடியோடு சேர்த்து வைத்தால் தொட்டி முழுவதையும் அதுவே பிடித்துக்கொள்ளும்.

ஓமவல்லியை இருமல் மருந்தாகவே பலர் வைத்திருக்கிறார்கள். அதன் தடித்த இலையைக் கடலைமாவில் தோய்த்துப் பொரித்த பஜ்ஜிக்கு ஈடாக மழைநாளில் வேறொன்றை நான் சொல்லமாட்டேன். ஓமம் காய்ப்பது இந்தச் செடியில் அன்று. அது வேறு செடி, மணம் மட்டுமே ஒத்திருக்கிறது. திருநீற்றுப்பச்சிலையும் இப்படி அடுக்களைக்கு வர வேண்டிய செடிதான். பானங்களில் மிதக்கும் சப்ஜா விதை இதனுடையதே. தக்காளித் தொக்கை இறக்கும்போது இதன் நாலு இலையைக் கிள்ளிப் போட்டுப் பாருங்கள்.

மஞ்சளை என் அளவுகோலுக்குப் புறம்பாகவே வளர்க்கிறேன். பொடிக்கு ஈரோட்டு விரலி மஞ்சள் கடையில் கிடைக்கும்போது தொட்டி மஞ்சள் தேவையில்லை. ஆனால் வைகாசியில் ஊன்றிய கிழங்கு தைப் பொங்கலுக்குள் இடுப்பளவு வளர்ந்து, பானையில் கட்டுவதற்குச் சொந்தக் கொத்து கிடைப்பதில் உள்ள நிறைவு எனக்குப் பெரிது. அதன் இலையில் கொழுக்கட்டையை மடித்து வேகவைத்தால் வரும் மணமும் கடையில் விற்காத பொருள்.

மிளகு வளராது என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். படரும் கொடிக்குப் பதிலாக, காய்க்கும் பக்கக் கிளையிலிருந்து வெட்டிய துண்டை வேர்விடச் செய்து உருவாக்கும் புதர் மிளகு தொட்டியிலேயே காய்க்கும் என்று அறிந்து ஒரு கன்றை வாங்கினேன். விற்றவர் முழுவெயிலைத் தாங்கும் என்று உறுதி சொன்னதை நம்பி மாடியில் வைத்தேன். அக்கினி நட்சத்திரத்தின் முதல் வாரத்திலேயே கருகிவிட்டது. இரண்டாவது கன்று வடக்கு பார்த்த மாடிப்படி ஜன்னலோரம் நிற்கிறது. காலைவெளிச்சம் மட்டும் படும் அந்த இடத்தில் மழைநீரைக் குடித்து வளர்ந்து, இந்த ஆண்டு ஏழு கதிர்கள் விட்டிருக்கிறது. கதிரில் ஒன்றிரண்டு மணிகள் சிவந்ததும் முழுக் கதிரையும் பறித்து வெயிலில் உலர்த்த வேண்டும். எல்லாம் சேர்ந்தாலும் இரண்டு நாள் ரசத்துக்குத்தான் வரும். இன்று காலை பார்த்தபோது ஏழும் பச்சையாகவே இருந்தன.