குளுக்கோமீட்டர் வாங்குவதற்கு முன் ஸ்ட்ரிப்பை விசாரியுங்கள்

அம்மாவுக்கு இன்சுலின் தொடங்கிய நாளிலிருந்து வீட்டில் அவருக்குச் சர்க்கரை பார்த்துக் குறித்து வைப்பது என் பொறுப்பு என்பதால், எந்த மீட்டர் வாங்கலாம் என்று கடலூரிலும் புதுச்சேரியிலும் உள்ள உறவினர்கள் அடிக்கடி என்னைக் கேட்கிறார்கள். மீட்டரைப் பார்ப்பதற்கு முன், அதில் செருகி இரத்தத் துளியைத் தொட வைக்கும் ஸ்ட்ரிப்பைப் பற்றி விசாரியுங்கள் என்பதே எல்லோருக்கும் நான் சொல்லும் பதில்.

மீட்டர் ஒருமுறைச் செலவு. ஸ்ட்ரிப்போ தொடர்ந்து வாங்க வேண்டியது. ஒரு மீட்டரின் ஸ்ட்ரிப் வேறு மீட்டருக்குப் பொருந்தாது. ஒரு நாளைக்கு இரண்டு முறை பார்க்கிறவருக்கு ஆண்டுக்கு 700க்கும் மேற்பட்ட ஸ்ட்ரிப்புகள் தேவைப்படும் என்னும்போது, மீட்டரை இலவசமாகக் கொடுத்தாலும் அந்தச் சலுகை சில மாதங்களில் கரைந்துவிடும். ஆகவே கடலூரின் திருப்பாதிரிப்புலியூரிலோ மஞ்சக்குப்பத்திலோ நீங்கள் வழக்கமாக மருந்து வாங்கும் கடையில் அந்த ஸ்ட்ரிப் எப்போதும் இருப்பில் இருக்குமா என்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். இணையத்தில் மட்டுமே கிடைக்கும் ஸ்ட்ரிப்பை நம்பி இருப்பது நம் ஊருக்கு ஒத்து வராது. 2011 டிசம்பரில் ‘தானே’ புயல் அடித்த பிறகு இங்கே பல நாட்கள் மின்சாரமும் போக்குவரத்தும் எப்படி இருந்தன என்பதை நாம் மறக்கவில்லை.

அடுத்தது ஈரம். ஸ்ட்ரிப்பின் நுனியில் பூசப்பட்டுள்ள நொதி இரத்தத்திலுள்ள குளுக்கோஸுடன் வினைபுரியும்போது உண்டாகும் நுண்ணிய மின்னோட்டத்தை அளந்துதான் மீட்டர் எண்ணைக் காட்டுகிறது. காற்றின் ஈரமும் வெப்பமும் அந்த நொதியைக் கெடுத்துவிடும். பெரும்பாலான ஸ்ட்ரிப்புகளை 30 டிகிரிக்கு மேல் வைக்கக் கூடாது என்று டப்பாவிலேயே அச்சிட்டிருக்கிறார்கள், நம் கடற்கரை ஊர்களின் மே மாதமோ அதைச் சாதாரணமாகத் தாண்டுகிறது. அதற்காகக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால், வெளியே எடுக்கும்போது ஈரம் படிந்துவிடும். அடுப்படியையும் வண்டிப் பெட்டியையும் தவிர்த்து, வெயில் படாத உள்ளறை அலமாரியில் வைத்து, ஒரு ஸ்ட்ரிப்பை எடுத்ததும் மூடியை இறுக மூடுவதே சரி. டப்பாவைத் திறந்த பின் மூன்று அல்லது ஆறு மாதங்களுக்குள் பயன்படுத்தச் சொல்லும் வகைகள் உண்டு. வாரத்துக்கு இரண்டு முறை மட்டும் பார்ப்பவர்கள் 25 எண்ணிக்கை கொண்ட சிறிய டப்பாவையோ, ஒவ்வொன்றும் தனி உறையில் வரும் ஸ்ட்ரிப்பையோ வாங்கினால் வீணாகாது.

துல்லியத்துக்கு ஐ.எஸ்.ஓ. 15197 என்ற சர்வதேசத் தரம் இருக்கிறது. அதன் 2013ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் குளுக்கோஸ் 100 மில்லிகிராமுக்குக் குறைவாக இருந்தால் 15 மில்லிகிராம் வரையிலும், அதற்கு மேல் இருந்தால் 15 விழுக்காடு வரையிலும் கூடக் குறையக் காட்டலாம். நூற்றுக்கு 95 அளவீடுகளாவது இந்த எல்லைக்குள் இருக்க வேண்டும். அதாவது உண்மையில் 200 இருக்கும்போது 170 காட்டினாலும் 230 காட்டினாலும் அந்த மீட்டர் தரத்துக்கு உட்பட்டதுதான். இது தெரியாமல், அடுத்தடுத்து எடுத்த இரண்டு அளவுகள் 142, 151 என்று வந்ததைப் பார்த்துப் பதறி, மருத்துவரைக் கேட்காமலேயே மாத்திரையைக் கூட்டுகிறவர்களைக் காணும்போது எனக்கு மிகுந்த வருத்தமாக இருக்கிறது.

இரத்தசோகை உள்ளவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். சிவப்பணுக்கள் குறைவாக இருந்தால் பல மீட்டர்கள் உண்மையை விட அதிகமான எண்ணைக் காட்டும். உண்மையில் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கியிருப்பதை அது மறைத்துவிடக்கூடும். எந்த ஹீமட்டோகிரிட் அளவு வரை, அதாவது இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு எவ்வளவாக இருக்கும் வரை, சரியாக வேலை செய்யும் என்பது ஸ்ட்ரிப்புடன் வரும் தாளில் இருக்கும். அம்மாவுக்கு இரத்தசோகையும் இருப்பதால் அந்த வரம்பு அகலமாக உள்ளதையே தேர்ந்தெடுத்தேன். வயிற்று வழி டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் மீட்டரை மருத்துவரிடம் கேட்டே வாங்க வேண்டும், ஏனெனில் அதற்குப் பயன்படும் ஒருவகைத் திரவம் சில ஸ்ட்ரிப்புகளை ஏமாற்றிவிடும்.

பெரிய எழுத்து, ஸ்ட்ரிப் டப்பாவின் குறியீட்டு எண்ணை (code) மீட்டரில் போடத் தேவையில்லாத வசதி, எங்கும் கிடைக்கும் பேட்டரி ஆகியவை முதியவர்களுக்கு உதவும். செல்பேசிச் செயலி இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் ஒரு நோட்டுப் புத்தகம் போதும். குத்தாமலேயே சர்க்கரை காட்டுவதாக விற்கப்படும் கைக்கடிகாரத்தையும் மோதிரத்தையும் மட்டும் தயவுசெய்து வாங்காதீர்கள். அப்படிப்பட்ட எதற்கும் தாங்கள் அனுமதி வழங்கவில்லை என்று அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2024 பிப்ரவரியில் எச்சரித்தது.

எந்த மீட்டராக இருந்தாலும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்த பிறகே குத்த வேண்டும். பண்ருட்டிப் பலாவை உரித்த விரலில் ஒட்டியிருக்கும் இனிப்பே எண்ணைப் பல மடங்கு ஏற்றிவிடும், ஸ்பிரிட் பஞ்சால் துடைப்பது மட்டும் அதற்குப் போதாது.

புது மீட்டரை அடுத்த முறை ஆய்வகத்துக்கு எடுத்துச் செல்லுங்கள். வெறும் வயிற்றில் நரம்பில் இரத்தம் எடுத்த சில நிமிடங்களுக்குள் விரலிலும் குத்திப் பார்த்து, இரண்டு எண்களையும் ஒப்பிடுங்கள். சாப்பிட்ட பிறகு விரல் இரத்தத்தில் இயல்பாகவே சர்க்கரை கூடுதலாக இருக்கும் என்பதால் அந்த நேரத்து ஒப்பீடு பயன்படாது. வித்தியாசம் மேலே சொன்ன தர எல்லையைத் தாண்டினால் புதிய டப்பா ஸ்ட்ரிப்பில் மீண்டும் ஒருமுறை பாருங்கள். அப்போதும் தாண்டினால் ரசீதுடன் மீட்டரைக் கடையில் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள்.